ஏழு கம்பி மிஷின்

ரிஜிஸ்டர் தபால் வந்தது மாசி மாதம், புளி மும்முரத்தில். குல்ஷன் வீட்டு வாசலில் ஒன்பது பெண்கள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அன்றைக்குச் சம்பங்கியின் முறை. பேரிகைப் பக்கம் புளி வேலை அப்படித்தான். மண்டியிலிருந்து யாருக்கு மூட்டை வந்தாலும் எல்லோரும் சேர்ந்து அவளுடைய மூட்டையை முடித்துக் கொடுப்பார்கள், நாளைக்கு அடுத்தவளுடையது. சுத்தியல், கல், முறம், சாக்கு எதற்கும் சொந்தக்காரி கிடையாது. எந்த வீட்டில் கிடக்கிறதோ அங்கிருந்து எடுத்துப் போவார்கள். "எடுத்துக்கட்டுமா" என்று கேட்டால்தான் கோபம் வரும்.

மூன்று வருஷமாகச் சுத்தியல்களுக்கு வேலையில்லை. வாசலின் நடுவில் மிஷின் நின்றது. ஒருத்தி ஓடு நீக்கிய புளியை மேலே தொட்டியில் போடுவாள், ஒருத்தி கைப்பிடியைச் சுற்றுவாள். ரப்பர் சுற்றிய உருளை புளியைக் கம்பிகளின் மேல் வைத்து அழுத்தும். கொட்டைகள் கம்பிச் சந்தில் நழுவிக் கீழே தகரத்தில் படபடவென்று விழும். சதை கிழியாமல் முன்பக்கமாக வந்து சேரும். இன்னொருத்தி உப்புத்தண்ணீர்த் துணியால் உருளையைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். துடைக்க மறந்தால் புளி அப்பிக்கொண்டு சண்டித்தனம் பண்ணும்.

தெருக்கோடியில் வெல்டிங் ஷெட் வைத்திருந்த லால் பாஷாவைக் கூப்பிட்டு வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு தபால்காரர் போனார். லால் பாஷா குல்ஷனின் புருஷன். ஒசூரில் ஒரு கம்பெனியில் ஏழு வருஷம் லேத் ஓட்டியவன். அவனுக்கு இங்கிலீஷ் வராது, இங்கிலீஷ்காரன் போட்ட படம் வரும். எந்த டிராயிங்கைக் கொடுத்தாலும் அளவு தப்பாமல் படித்துவிடுவான். உறையைக் கிழித்தான். இரண்டு பக்கம் இங்கிலீஷ் எழுத்து, மூன்றாவது பக்கம் படம். எழுத்தைத் தள்ளிவிட்டுப் படத்தைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"இன்னாங்க? யாராச்சும் செத்துட்டாங்களா?" என்றாள் குல்ஷன்.

"நம்ம மிஷின்" என்றான்.

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். தொட்டி, உருளை, கைப்பிடி எல்லாம் இருந்தன. கம்பிகளை எண்ணினாள். ஏழு. ஏழாவது கம்பிக்கும் ஓரச் சட்டத்துக்கும் நடுவில் மட்டும் அரை விரல் இடம் கூடுதலாக இருந்தது. முதல் மிஷின் செய்தபோது எட்டாவது கம்பிக்கு இரும்பு பற்றவில்லை. இருந்த ஏழை வைத்துச் சமாளித்ததில் விழுந்த ஓட்டை அது. அந்த ஓட்டையைக்கூட விடாமல் கோடு போட்டு அம்புக்குறி வைத்திருந்தார்கள்.

"எவன் போட்டது இது?"

லால் பாஷா எழுத்துப் பக்கத்தைத் திருப்பி எழுத்துக்கூட்டிப் பெயரைத் தேடினான். "கோவிந்தப்பன்னு இருக்குது."

சுற்றிக்கொண்டிருந்த கைப்பிடி நின்றது. கோவிந்தப்பனைத் தெரியாதவள் அங்கே யாருமில்லை. புளி மண்டிக்காரர். அந்த வாசலில் கிடந்த ஒவ்வொரு மூட்டையும் அவருடைய மண்டியிலிருந்து வந்ததுதான்.

"டீ போட்டுக் குடுத்தன்" என்றாள் குல்ஷன். "மருமவன் இஞ்சினீரு, பாத்துட்டுப் போவட்டும்னு கூட்டினு வந்தாரே. அந்தப் பையன் டேப்பு வெச்சு அளந்துனே இருந்தான். நான் பக்கத்துல நின்னு ரெண்டாவது தரம் டீ வேணுமா தம்பின்னு கேட்டன். ரெண்டாவது தரம்!"

அந்த மிஷின் எப்படி வந்தது என்று ஊருக்கே தெரியும். வீட்டுப் பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் தண்ணீர் ஓடுகிற ஜலதாரிக்கு மேலே லால் பாஷா ஒரு கம்பிச் சட்டம் பற்றவைத்துப் போட்டிருந்தான். ஒருநாள் குல்ஷன் முறத்தோடு அந்தப் பக்கம் போகும்போது நாலு புளி அதன்மேல் விழுந்தது. பார்க்காமல் ஹவாய்ச் செருப்புக் காலால் மிதித்துவிட்டாள். காலைத் தூக்கிப் பார்த்தால் சதை மட்டும் மேலே அப்பியிருக்கிறது, கொட்டையைக் காணோம். இன்னொரு புளியை எடுத்துப் போட்டு வேண்டுமென்றே மிதித்தாள். கொட்டை சந்தில் நழுவி ஜலதாரியில் விழுந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வரை அரை முறம் புளியை மிதித்தே பார்த்தாள். வெறுங்காலால் மிதித்தால் நழுவவில்லை. கட்டையால் அழுத்தினால் சதை நசுங்கியது. ரப்பர்தான் கொட்டைக்கு வழிவிட்டு அமுங்கியது. கம்பி ரொம்ப நெருக்கமாக இருந்தால் கொட்டை மாட்டியது, அகலமாக இருந்தால் புளி முழுசாக உள்ளே போனது. சந்து எவ்வளவு, உருளை எந்த உயரம், எதைத் தடவினால் ஒட்டாது என்று அவள் ஆறு மாதம் மாரடித்தாள். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் உப்புத்தண்ணீருக்கு வந்தாள். அவள் சொல்லச் சொல்ல லால் பாஷா பற்றவைத்தான். அவனுடைய பங்கும் சின்னதில்லை. ஆனால் யோசனை அவளுடையது. அதை அவனே பல தடவை எல்லோர் எதிரிலும் சொல்லியிருக்கிறான்.

சுத்தியலால் தட்டித் தட்டி, அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான வெள்ளையம்மாவுக்கு இடது கட்டைவிரல் நகம் மூன்று தடவை விழுந்து முளைத்திருந்தது. மிஷின் ஓடிய முதல் நாள் அவள் குல்ஷனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கூப்பிட்டு ஃபாத்திஹா ஓதி, தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார்கள். அதற்கப்புறம் லால் பாஷா ஆறு மிஷின் செய்து ஆறு தெருவுக்குக் கொடுத்தான். நாட்றாம்பாளையத்திலிருந்துகூட ஆள் வந்து கேட்டுப் போனார்கள்.

இப்போது கோவிந்தப்பனின் வக்கீல் எழுதியிருந்தார். மிஷினுக்கு உரிமை கேட்டுக் கோவிந்தப்பன் போட்ட பேட்டன்ட் விண்ணப்பம் ஒப்புக்கொள்ளப்பட்டு அரசாங்க கெஜட்டில் வந்துவிட்டது. இனி யாரும் அவருடைய அனுமதியில்லாமல் இதைச் செய்யவோ ஓட்டவோ கூடாது. ஓடுகிற மிஷின்களைப் பிரித்துப் போட வேண்டும். தவறினால் வழக்கு. இதைப் படித்துச் சொன்னது கிருஷ்ணகிரி வக்கீல் முனிவேல். நிலத் தகராறும் வரப்புச் சண்டையும் பார்த்தே பழகிய மனிதர். ஆனால் வந்த விஷயத்தை அலட்சியமாகத் தள்ளவில்லை. பெங்களூருக்கு ஆள் அனுப்பிச் சட்டப் புத்தகத்தை வரவழைத்து, ஒரு வாரம் படித்துவிட்டுத்தான் அவர்களை வரச் சொன்னார்.

"கெஜட்ல வந்த நாள்ல இருந்து நாலு மாசத்துக்குள்ள எதிர்ப்பு குடுக்கணும் பாய். ரெண்டு மாசம் போயிருச்சு. இன்னும் ரெண்டு இருக்குது. இது உங்க மிஷின்தான்னு காட்ட உங்ககிட்ட இன்னா இருக்குது?"

லால் பாஷா காத்திருந்தது இந்தக் கேள்விக்குத்தான். சட்டைப் பையிலிருந்து பாலிதீன் உறையைப் பிரித்து, நாலாக மடித்த மஞ்சள் காகிதத்தை எடுத்து மேஜையில் நீவி வைத்தான். முகத்தில் பெருமை வழிந்தது.

"அச்சடிச்ச நோட்டீஸ் சார். மொத மிஷின் ஓடினதும் ஐநூறு அடிச்சு சந்தையில குடுத்தன். படம் பாருங்க, நானே வரைஞ்சது. உருளை இன்னா, கம்பி இன்னா, எப்பிடி ஓடுது, எல்லாத்தையும் வெவரமாப் போட்டிருக்கன். கீழ பிரஸ்ஸு பேரு, தேதி. அவன் ஆபீஸ்ல எழுதிக் குடுத்ததுக்கு ஆறு மாசம் முன்னால. அச்சுல வந்துட்டா அது நம்மதுதான சார்? அதுக்கோசரம்தான அடிச்சன்."

முனிவேல் அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"பாய், இதை யாருகிட்ட எல்லாம் காட்டினீங்க?"

"யாருக்குக் காட்டல? சந்தைக்கு வந்தவங்க எல்லாருகிட்டயும் இருக்கும்."

"தலையில மண்ணை வாரிப் போட்டுக்கிட்டீங்களே" என்றார் வக்கீல்.

லால் பாஷாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குல்ஷன்தான் கேட்டாள். "ஏன் சார்? இது சாச்சியில்லையா?"

"சாட்சிதாம்மா. ரெண்டு பேருக்கும் எதிரான சாட்சி." முனிவேல் நிதானமாகச் சொன்னார். "சட்டம் இன்னா கேக்குதுன்னா, எழுதிக் குடுக்கற அன்னிக்கு இது புதுசா இருக்கணும். முன்னாலயே ஊர்ல நாலு பேருக்குத் தெரிஞ்சிருந்தா, அச்சுல வந்திருந்தா, அது புதுசில்ல. செஞ்சவன் நீயே ஆனாலும் சரி, ஊருக்குச் சொல்லிட்டு அப்பறமா வந்து எனக்குக் குடுன்னா சட்டம் குடுக்காது. மொதல்ல ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு அப்பறம்தான் ஊருக்குச் சொல்லியிருக்கணும். அவன் அத்தைத்தான் செஞ்சான்."

"திருடினதைச் சொல்லாம ஒளிச்சு வெச்சான்னு சொல்லுங்க சார்."

"அப்பிடியும் சொல்லலாம்."

"நாங்க ஒளிக்காம ஊருக்குக் குடுத்தம். அதான் குத்தமா?"

குல்ஷனுக்கு முகம் சிவந்துவிட்டது. கோபம் கோவிந்தப்பன் மேலா, சட்டத்தின் மேலா, பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்த புருஷன் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை. மூன்றின் மேலும்தான் வந்தது.

"வழி ரெண்டு இருக்குது" என்றார் முனிவேல். "எங்ககிட்ட இருந்து திருடிட்டான்னு மட்டும் சொல்றது ஒண்ணு. ஜெயிச்சா உங்க பேருக்கே மாத்திக் கேக்கலாம், சட்டத்துல எடம் இருக்குது. ஆனா இந்தக் காகிதம் வெளிய வரக் கூடாது. மிஷின் உங்க வீட்டுக்குள்ள பூட்டி இருந்துச்சு, கோவிந்தப்பன் மட்டும்தான் பாத்தான்னு சொல்லணும். இன்னொண்ணு, இந்தக் காகிதத்தையே தூக்கிப் போடறது. அவனுக்குக் கெடைக்காது, அது நிச்சயம். உங்களுக்கும் எந்தக் காலத்துலயும் கெடைக்காது. எவன் வேணா செய்யலாம், எவன் வேணா ஓட்டலாம்."

பஸ்ஸில் திரும்பும்போது சூளகிரி தாண்டியதும் லால் பாஷா மெதுவாக, "பூட்டி வெச்சிருந்தம்னே சொல்லிடலாம்" என்றான். குல்ஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் வாசலில் அவள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். பெண்கள் கேட்டுக்கொண்டார்கள். முதலில் வாயைத் திறந்தவள் சம்பங்கி.

"அதுக்கின்னாக்கா, நாங்க மிஷினைப் பாத்ததே இல்லன்னு சொல்லிட்டாப் போச்சு. எம் புருஷன்கிட்ட தெனம் பத்துப் பொய் சொல்றன். உனக்கோசரம் ஒண்ணு சொல்ல மாட்டனா?"

"சொல்றப்ப கைப்பிடியைச் சுத்தினே சொல்லாதடி" என்றாள் வெள்ளையம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். குல்ஷனும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தனக்காகத் தெருவே பொய் சொல்லத் தயாராக இருக்கிறது, உண்மையைச் சொல்லி வாங்க வழியில்லை. இப்படியும் ஒரு சட்டமா என்று இருந்தது.

அந்த வழியும் மூன்று நாளில் அடைபட்டுப்போனது. கோவிந்தப்பன் தானே நேரில் வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம், கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பழத்தைக் குல்ஷனிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. லால் பாஷா வாங்கி ஓரமாக வைத்தான்.

"ஏன் பாய், வக்கீல் வீடு கோர்ட்டுன்னு அலையறியாம். நம்மகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? நாம இன்னா நேத்துப் பழகினவங்களா?"

"நீங்க கேட்டீங்களா?" என்றாள் குல்ஷன்.

கோவிந்தப்பன் அவள் பக்கம் திரும்பவேயில்லை. "பாய், நீ வேலைக்காரன். கை சுத்தம். நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஆபீஸு, வக்கீலு, மெட்ராஸு, இதெல்லாம் நமக்குத் தெரிஞ்ச சங்கதியா? எம் மருமவன் இல்லன்னா இந்த மிஷினு இந்தத் தெருவுலயே துருப் புடிச்சுப் போயிருக்கும். இன்னிக்கு கோலார்ல கேக்கறான், மாலூர்ல கேக்கறான்."

"இப்ப இன்னா சொல்ல வரீங்க?" என்றான் லால் பாஷா.

"உம் பேரையும் சேத்துடறன். கோவிந்தப்பன், லால் பாஷா. ரெண்டு பேருக்கும் பாத்தியம். சூளகிரி ரோட்ல ஷெட்டு போட்டிருக்கன், இருவது மிஷின் வருது. நீதான் அங்க எல்லாத்துக்கும் பெரிய மேஸ்திரி. ஆறு தெரு மிஷினையும் கொண்டாந்து ஷெட்ல போட்டுடு. பொம்பளைங்க வேலைக்கு அங்க வரட்டும். நெழல், பேன் எல்லாம் இருக்குது. இங்க வெயில்ல கெடந்து ஏன் காயணும்?"

"மூட்டை இனி வூட்டுக்கு வராதா?" என்றாள் சம்பங்கி கைப்பிடியை விட்டுவிட்டு.

"ஷெட்டு இருக்கறப்ப வூட்டுக்கு ஏன்?"

"எம் மாமியா படுத்த படுக்கை. நான் எப்பிடி சூளகிரி ரோட்டுக்கு வரது?"

"வர்றவங்க வரட்டும்மா." அவர் குரலைத் தாழ்த்தினார், ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "இன்னொண்ணு பாய். அந்த மஞ்ச நோட்டீஸ். எம் பீரோவுலயும் ஒண்ணு இருக்குது. நீ வூட்டுக்குள்ள பூட்டி வெச்சிருந்தன்னு பொய்ச் சத்தியம் பண்ணா, நானே அத்தை எடுத்துப் போடுவன். எனக்குப் போனா உனக்கும் போவட்டும். அதனால ரெண்டு பேரும் அத்தை மறந்துடலாம். எவன் கேக்கப் போறான்?"

லால் பாஷா தரையைப் பார்த்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றன் மண்டிக்காரரே" என்றான். அந்த 'யோசிச்சு' என்பதில் பாதி சம்மதம் இருந்தது குல்ஷனுக்குக் கேட்டது. கோவிந்தப்பனுக்கும் கேட்டிருக்க வேண்டும். தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். வாழைப்பழத்தை மாட்டுக்குப் போடச் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

புருஷன் பின்னாலேயே வந்தான். கேழ்வரகு மாவைக் கொதிக்கிற உலையில் கொட்டிக் கோலால் கிளறிக்கொண்டிருந்தாள். களி இறுகி வரும் நேரம், கையை நிறுத்த முடியாது. அவன் பேசுவதற்கு அந்த நேரத்தைத்தான் தேர்ந்தெடுத்தான்.

"ஒண்ணுமில்லாமப் போறதுக்குப் பாதியாச்சும் கெடைக்குதே குல்ஷன்."

"யாருக்கு?"

"நமக்குத்தான்."

"கோவிந்தப்பன், லால் பாஷா. இதுல நான் எங்க இருக்கறன்?"

"பேரு யாருதா இருந்தா இன்னா? வூடு ஒண்ணுதான?"

கோல் நின்றது. களி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது.

"வூடு ஒண்ணுதான்னா எம் பேரைப் போட்டிருக்கலாமே" என்றாள். "அந்த நோட்டீஸ்ல 'பேரிகை லால் பாஷா கண்டுபிடித்த அதிசய மிஷின்'னு போட்டீங்களே, அன்னிக்கு ஏன் தோணல, வூடு ஒண்ணுதான், குல்ஷன்னு போடலாம்னு? நான் எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு உங்க மூஞ்சியைப் பாத்தன். சிரிச்சுனு இருந்தீங்க. சரி, நம்ம மனுஷன்தானன்னு வாயை மூடிக்கினன். மூணு வருஷமா மூடிக்கினு இருக்கறன்."

"பொம்பள பேரைப் போட்டா சந்தையில எவன் மதிப்பான்னு..."

"மதிக்கலன்னா போவட்டும்! மிதிச்சது யாரு காலு? கம்பிக்குக் கம்பி கொட்டையை வெச்சு வெச்சு அளந்தது யாரு வெரலு? அந்தாளு வெளியூர்த் திருடன், நீங்க உள்ளூர்த் திருடன். ரெண்டு பேரும் இப்பப் பாதிப் பாதி பங்கு போடறீங்க."

அந்த வார்த்தை அவன் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. அவள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அடிப்பிடித்த களியைத்தான் அன்றைக்கு எல்லோரும் தின்றார்கள்.

மறுநாள் காலை பஸ்ஸில் குல்ஷன் தனியாகக் கிருஷ்ணகிரிக்குப் போனாள். பாலிதீன் உறையை அவளே எடுத்துப் போயிருந்தாள். முனிவேல் மேஜையில் மஞ்சள் காகிதத்தை வைத்தாள்.

"இத்தைப் போடுங்க சார். எதிர்ப்பு எம் பேர்ல குடுங்க."

"யோசிச்சீங்களாம்மா? உங்களுக்கும் இதோட முடிஞ்சுரும்."

"அந்தாளுக்கு முடியுதில்ல? அது போதும். அந்த மூட்டைங்க தெருவை விட்டுப் போவக் கூடாது."

வக்கீல் எழுத ஆரம்பித்தார். பெண்களிடம் வந்து உண்மையை எழுதி வாங்கிக்கொண்டார். எந்த மாதம் முதன்முதலில் மிஷினைப் பார்த்தேன், எந்தத் தெருவில் ஓட்டினேன், யார் யார் கூட இருந்தார்கள் என்று நாற்பத்திரண்டு பேர் சொன்னார்கள். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் பதினான்கு பேர், மற்றவர்கள் பெருவிரல் வைத்தார்கள். அன்றிலிருந்து மண்டியிலிருந்து அவர்கள் தெருவுக்கு ஒரு மூட்டைகூட வரவில்லை. இரண்டு வாரம் வாசல் காலியாகக் கிடந்தது. மூன்றாவது வாரம் வெள்ளையம்மாவின் தம்பி அஞ்செட்டிப் பக்கத்து மரங்களைக் குத்தகைக்குப் பேசிப் புளியை நேரே வண்டியில் கொண்டுவந்து இறக்கினான். யாரும் குல்ஷனைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குத் தாங்கியிருக்காது.

விசாரணைக்கு மெட்ராஸ் போக ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. குல்ஷன், சம்பங்கி, வெள்ளையம்மா, கூட முனிவேல். லால் பாஷாவும் வந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை, பஸ் ஏறும்போது பார்த்தால் பையோடு நின்றிருந்தான். அந்த ஆறு தெரு மிஷினில் ஒன்றைப் பிரித்துச் சாக்கில் கட்டித் தோளில் வைத்திருந்தான்.

ஆபீஸ் அறையில் மேஜை மேல் பழுப்பு மூட்டைகளாகக் காகிதங்கள். அதிகாரி வயதானவர், தமிழர். கோவிந்தப்பனின் மெட்ராஸ் வக்கீல் இங்கிலீஷில் முக்கால் மணி நேரம் பேசினார். நோட்டீஸை நம்ப முடியாது என்றார். அதை அச்சடித்த பிரஸ்காரர் நேரில் வந்து அந்தத் தேதியைத் தன் நோட்டுப் புத்தகத்தில் காட்டியதும் பேச்சை மாற்றினார். இந்த அம்மா நாளைக்கு இதே மிஷினைத் தனக்குக் கேட்பார், அதற்குத்தான் இந்த வேலை என்றார்.

அதிகாரி குல்ஷனைப் பார்த்தார். "அம்மா, இந்த நோட்டீஸ் உண்மைன்னு நீங்க சொன்னா, இந்த மிஷின் அன்னிக்கே ஊருக்குத் தெரிஞ்ச பொருள்னு ஆயிடும். இனிமே நீங்களும் உங்களுதுன்னு உரிமை கேக்க முடியாது. புரியுதா?"

"புரியுது சார்."

"யாராவது சொல்லிக்குடுத்து வந்தீங்களா?"

"சட்டத்தைச் சொல்லிக்குடுத்தாங்க. கோவம் என்னுது."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது. "நோட்டீஸ்ல லால் பாஷா கண்டுபிடிச்சதுன்னு இருக்கே?"

குல்ஷன் வாயைத் திறக்குமுன் பின்பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அது பொய் சார். நான்தான் லால் பாஷா. இவங்க சொன்னாங்க, நான் பத்தவெச்சன். எம் பேரைப் போட்டுக்கினன்."

திரும்பிப் பார்த்தாள். சாக்கு மூட்டையை இறக்காமலே நின்றுகொண்டிருந்தான். நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. இதைச் சொல்ல அவனுக்கு நாலு வருஷம் தேவைப்பட்டிருக்கிறது என்று நினைத்தபோது, ஆறுவதற்குப் பதிலாகக் கோபம் இன்னும் ஏறியது. ஊரில் ஐநூறு பேருக்குப் பொய், இங்கே ஒரு அறைக்குள் உண்மை.

"அப்ப அத்தை எழுதிக்குங்க சார்" என்றாள் அதிகாரியிடம். "செஞ்சது குல்ஷன்னு எழுதிக்குங்க."

"இந்த விசாரணையில அந்தக் கேள்விக்கு இடமில்லம்மா. முன்னாலயே தெரிஞ்சதா, தெரியாததா, அவ்வளவுதான்."

வராந்தாவில் கோவிந்தப்பன் காத்திருந்தார். முகம் கறுத்திருந்தது. முதல் தடவையாக அவள் கண்ணைப் பார்த்துப் பேசினார்.

"ஏம்மா, எனக்குமில்லாம உனக்குமில்லாமப் பண்ணிட்டியே. இதுல உனக்கு இன்னா லாபம்? பெரிய தியாகின்னு நெனப்பா?"

"தியாகமா?" குல்ஷன் நின்றாள். "எனக்கு வேணாம்னு எவன் சொன்னான்? எனக்கு வேணும். எம் பேரு போட்ட காயிதம் எனக்கு வேணும்னு வயிறு எரியுது. நீயும் திருடாம, எம் புருஷனும் நோட்டீஸ் அடிக்காம இருந்திருந்தா ஒருநாள் நானும் தெரிஞ்சுனு வந்து கேட்டிருப்பனோ இன்னாவோ. எனக்குக் கெடைக்கல. உனக்குக் கெடைக்க வுட மாட்டன். அவ்ளோதான். போய் உன் ஷெட்டைப் பாரு."

சம்பங்கி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வெளியே வெயிலில் நின்று ஆளுக்கொரு கிளாஸ் மோர் குடித்தார்கள்.

கோவிந்தப்பனின் விண்ணப்பம் தள்ளுபடியானது. தீர்ப்புக் காகிதம் ஆடி மாதம் ரிஜிஸ்டர் தபாலில் வந்தது. அதற்குள் ஒசூரில் நாலு லேத் பட்டறையில் மிஷின் செய்து விற்க ஆரம்பித்திருந்தார்கள். மாலூர்க்காரன் ஒருவன் மோட்டார் வைத்துவிட்டான் என்று கேள்வி. கோவிந்தப்பனின் ஷெட்டும் ஓடியது, அதையும் யாரும் தடுக்க முடியாது. எங்கே போனாலும் எட்டுக் கம்பி போட்டுச் சரியான அளவில் செய்தார்கள். குல்ஷன் தெருவில் அஞ்செட்டி மூட்டைகள் வந்துகொண்டிருந்தன. படுத்திருக்கிற மாமியாரை விட்டுத் தூரம் போகாமல் சம்பங்கி அதே தெருவில் தன் முறைக்கு வேலை செய்தாள்.

காகிதத்தை முனிவேல் தமிழாக்கி டைப் அடித்து உடன் வைத்து அனுப்பியிருந்தார். லால் பாஷா வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்க வாசித்தான். கோவிந்தப்பன் தோற்றார் என்ற இடத்தில் பெண்கள் கூச்சல் போட்டார்கள். குல்ஷன் முறத்தைக் கீழே வைத்தாள்.

"செஞ்சவங்க யாருன்னு போட்டிருக்குதா?"

அவன் மேலும் கீழும் பார்த்தான். "மேற்படி இயந்திரம் ஏற்கெனவே பொதுமக்கள் அறியப் பயன்பாட்டில் இருந்ததுன்னு போட்டிருக்குது."

"இருந்ததா? தானா மொளச்சிருந்துச்சா?"

அவன் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"எம் பேரு எங்கயாச்சும் இருக்குதா?"

"இருக்குது, இருக்குது. மொதப் பக்கத்துலயே இருக்குது பாரு." விரலை வைத்துக் காட்டினான். "எதிர்ப்பாளர், குல்ஷன், லால் பாஷாவின் மனைவி, பேரிகை."

அவள் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தாள். தன் பெயரை அச்சில் அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

"செஞ்சப்பப் போட எம் பேரு இல்ல" என்றாள். "எதிர்த்தப்ப இருக்குது."

லால் பாஷாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது.

"கண்ணாடி போட்டு வூட்டு முன்னால மாட்டிடட்டுமா? உம் பேரு இருக்குதே. வர்றவங்க பாக்கட்டும்."

"மாட்டுங்க" என்றாள் குல்ஷன். "யாராச்சும் வந்து, குல்ஷன் இன்னாத்தை எதிர்த்தாள்னு கேப்பாங்க. கோவிந்தப்பன்ல இருந்து ஆரம்பிக்காதீங்க. உங்க நோட்டீஸ்ல இருந்து ஆரம்பிச்சு முழுசாச் சொல்லுங்க. ஒவ்வொருத்தர் கேக்கறப்பவும் சொல்லுங்க."

முறத்தை எடுத்துக்கொண்டு மிஷின் பக்கம் போனாள். லால் பாஷா காகிதத்தை நாலாக மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அதை அவன் மாட்டவே இல்லை.